பள்ளிக்கூடம் விடும் நேரம்

நாகப்பட்டினத்திலிருந்து வந்த பேருந்து ராமேஸ்வரத்தில் கூட்டத்தை இறக்கிவிட்டபோது காலை ஏழரை. கடைசியாக இறங்கினார் சிற்றம்பலம். போனில் மகள் தர்சனா பார்த்துப் பழகிய முகம்தான். ஆனால் அப்பா இவ்வளவு குள்ளமாகிவிட்டதை போன் காட்டவில்லை. பதினேழு வருடங்களுக்கு முன், சண்டைக் காலத்தில், மன்னார்க் கரையில் அவளையும் அம்மாவையும் படகேற்றிவிட்டு நின்றவர். அப்போது அவளுக்குப் பதினொரு வயது. அம்மா மண்டபம் அகதிகள் முகாமிலேயே செத்துப்போனாள். இப்போதுதான் அவருக்குப் பாஸ்போர்ட் கிடைத்து, நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற முடிந்திருக்கிறது. மறுநாள் திரும்பும் கப்பலைப் பிடிக்க, இன்று இரவே பேருந்து ஏற வேண்டும்.

அவள் அவர் தோளில் முகம் புதைத்து அழுதாள். அவர் முதுகைத் தடவிக்கொண்டே அவளுக்குப் பின்னால் தேடினார்.

"எங்க என்ர பேத்தி?"

"பள்ளிக்கூடம் அப்பா. பரீட்சை."

"நாலு மணிக்கு விட்டுருவாங்க மாமா," என்றான் அவள் கணவன் மருதுபாண்டி. சாயல்குடிப் பக்கத்துக்காரன், ராமேஸ்வரத்தில் ஆட்டோ ஓட்டுகிறான். "அதுக்குள்ள ஊரைச் சுத்திப் பாத்துருவோம். ஏறுங்க."

அவர்கள் மகள் லக்சிகா செத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. கார்த்திகையில் வந்த டெங்குக் காய்ச்சல், ஆறே நாள். அதற்கு முந்தைய மாதம்தான் சிற்றம்பலத்துக்கு இதய அறுவை நடந்திருந்தது. இப்போது சொன்னால் தாங்கமாட்டார், கொஞ்சம் தேறட்டும் என்று இருவரும் சொல்லிக்கொண்டார்கள். தேறினார். தேறியவரிடம் எப்படித் தொடங்குவதென்று பிறகு தெரியவில்லை. போனில் அவர் பேத்தியைக் கேட்டபோதெல்லாம் தூங்குகிறாள், விளையாடப் போயிருக்கிறாள் என்று சொல்லி வந்தாள் தர்சனா. தங்கச்சிமடத்து வீட்டில் மாலை போட்ட படம் மாட்டியிருக்கிறது. அதனால்தான் அவரை வீட்டுக்குக் கூட்டிப்போகாமல் ஊர் சுற்றினார்கள்.

அக்னி தீர்த்தத்தில் காலை நனைத்தார். கோயில் பிரகாரத்தில் ஈரத்துணியோடு ஓடும் வடநாட்டுக் கூட்டத்தில் மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு நடந்தார். "இவ்வளவு சனமோ!" என்று தூண்களை அண்ணாந்து பார்த்து வாய்பிளந்தார். சன்னதித் தெருவில், சங்கில் பேர் வெட்டித் தரும் கடையைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"தம்பி, லக்சிகா எண்டு வெட்டுங்கோ. ல, க்ஷ இல்லை. ல, க், சி, கா."

கடைக்காரர் இரைச்சலில் கேட்காமல் திரும்பக் கேட்க, அவர் இன்னும் உரக்கச் சொன்னார். மூன்று மாதமாக வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாத பெயர் தெருவெல்லாம் கேட்டது. மருதுபாண்டி டீ வாங்கி வருவதாகச் சொல்லிக் கூட்டத்துக்குள் போய்விட்டான். திரும்பி வந்தபோது அவன் கையில் டீ இல்லை, கண் சிவந்திருந்தது.

பாம்பன் பாலத்தில் ரயில் போவதைப் பார்த்தார்கள். மீன் குழம்போடு சோறு சாப்பிட்டார்கள். மூன்று மணிக்கே சிற்றம்பலம் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"பிள்ளையைக் கூட்டப் போவம். நான் வாசல்ல நிண்டா அவ என்னை அடையாளம் பிடிப்பாளோ?"

மருதுபாண்டி கண்ணாடியில் மனைவியைப் பார்த்தான். வண்டியைத் தனுஷ்கோடிப் பக்கம் திருப்பினான். "அரிச்சல்முனையை ஒரு எட்டு பாத்துட்டுப் போயிருவோம் மாமா."

அவர் மறுத்துப் பார்த்தார். நாலு மணி ஆகிவிடுமே என்றார்.

முனையில் சுற்றுலாக் கூட்டம் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. காற்று மணலை வாரி அடித்தது. தர்சனா அப்பாவைச் சற்றுத் தள்ளிக் கூட்டிப்போனாள்.

"அப்பா, லக்சிகா பள்ளிக்கூடத்தில இல்லை."

"அப்ப எங்க?"

சிற்றம்பலம் அவள் முகத்தையே பார்த்தார். திரும்பி மருமகனைப் பார்த்தார். அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு நின்றான்.

"எப்ப?" என்றார்.

"கார்த்திகையில. காய்ச்சல்."

"இல்லையே. பொங்கலுக்குக் கோலம் போட்டவ எண்டு சொன்னியே."

"பொய் அப்பா."

"பல்லு விழுந்தது எண்டாய்?"

"அது போன வருசம்."

"போன கிழமை பாட்டு அனுப்பினியே பிள்ளை. நான் ஊரெல்லாம் போட்டுக் காட்டினனே."

"பழைய வீடியோ அப்பா."

அவர் அவள் கையை உதறினார். நாலைந்து அடி நடந்து மணலில் உட்கார்ந்தார். மருதுபாண்டி தண்ணீர் பாட்டிலோடு ஓடினான், அவர் வாங்கவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொள்வாரோ என்று இருவரும் அவர் பக்கத்திலேயே நின்றார்கள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. யாரையும் பார்க்காமல், "மூண்டு மாசமா செத்த பிள்ளையின்ர கதை கேட்டிருக்கிறன்" என்றார். அதற்குப் பிறகுதான் அழுதார். பக்கத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் பார்த்துவிட்டு மெல்ல விலகிப் போனது.

திரும்பும் வழியில் தர்சனா மன்னிப்புக் கேட்டாள். தங்கச்சிமடம் நெருங்கும்போது அவர், "ஒவ்வொரு நாளும் எனக்குச் சிரிச்சுச் சிரிச்சுக் கதை சொன்னாய். போனை வச்சிட்டு என்ன செய்வாய்?" என்று கேட்டார்.

"அடுப்படியில இருப்பன்."

"நீ கதைச்சு முடிக்கிற வரைக்கும் இவர்?"

"வெளியில ஆட்டோல உக்காந்திருப்பேன் மாமா," என்றான் மருதுபாண்டி.

வீட்டில் படத்துக்கு முன்னால் அவர் நின்றார். தொட எழுந்த கை, கண்ணாடியில் படாமல் இறங்கியது. பேருந்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. தர்சனா உலை வைக்கப் போனாள். அவர் கூப்பிட்டார்.

"சோறு வேண்டாம். இங்க வந்து இரு பிள்ளை. காய்ச்சல் தொடங்கின நாளில இருந்து சொல்லு. ஒண்டையும் விடாத."

அவள் அவருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். மருதுபாண்டி வாசலில் செருப்பை மாட்டப் போனவன், நின்று, திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"திங்கக்கிழமை," என்று தொடங்கினாள் தர்சனா. "பள்ளிக்கூடத்தால வரும்போதே முகம் வாடியிருந்தது..."