அஞ்சாருக்குப் போகாத குடம்

பெயர் ஆசை என்ற வியாதி தீண்டாத மனிதன் சித்தூர் ஜில்லாவில் ஒரே ஒருவன்தான் உண்டு. அவன் புத்தூர் முனிகிருஷ்ணன். இதை வேறு யாரும் சொல்லவில்லை, முனிகிருஷ்ணனே சொன்னான். திருப்பதியில் பி.ஏ. இரண்டாம் வருஷம் படிக்கிறவன் சொன்னால் ஊர் நம்பத்தானே வேண்டும்?

சொன்ன இடம் நாகையாவின் கடைவாசல். நாகையா பாத்திரங்களில் பெயர் வெட்டுகிறவர். அந்த ஆடி மாதம் கட்ச் பக்கம் பூமி குலுங்கி, அஞ்சார் என்கிற ஊர் இடிந்து கிடந்தது. அங்கே பொங்கித் தின்னச் சட்டியில்லை, மொள்ளக் குடமில்லை என்று பேப்பரில் படித்ததும் புத்தூர் உருகிப்போயிற்று. வீட்டுக்கு ஒரு பாத்திரம் என்று தீர்மானம் போட்டார்கள். கொடுக்குமுன் அதில் பெயர் வெட்ட வேண்டும் என்பது தீர்மானம் போடாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"இடிபாட்டுல பொழச்சவன் சொம்பைத் திருப்பிப் பார்த்து, 'ஆஹா, புத்தூர் வேதாச்சலம்'னு கன்னத்துல போட்டுக்குவானா?" என்று வரிசையைப் பார்த்துக் கேட்டான் முனிகிருஷ்ணன். "கோயில் விளக்குக் கண்ணாடியில 'உபயம்'னு எழுதி வெளிச்சத்தையே மறைக்கிற ஜனங்கதானே நீங்க!"

வரிசையின் கடைசியில், கொஞ்சம் தள்ளியே, சேரிச் செல்லியம்மா நின்றிருந்தாள். நாற்று நடுகிற கூலி. இடுப்பில் பித்தளைக் குடம். அவள் வீட்டில் இருந்த பித்தளையே அவ்வளவுதான்.

"இதையும் குடுத்துட்டு நீ எதுல மொள்ளுவ?" என்றான் முனிகிருஷ்ணன்.

"மண்பானை இருக்குது நைனா. போன வருசம் மழையில சுவரு வுழுந்து ஊட்டுக்காரரு பூட்டாரு. மூணு நாளு மொள்ள ஒரு ஏனமில்லாம அல்லாடிக்கினு இருந்தேன். அங்கயும் அப்பிடித்தானே கெடப்பாங்கோ?"

"சரி, பேரு எதுக்கு?"

செல்லியம்மா வெட்கப்பட்டாள். "எல்லாரும் வெட்டிக்கினு இருக்காங்களேன்னு..."

"பேர் போட்டுக் குடுத்தா விளம்பரம். போடாம குடுத்தா தியாகம்."

இரண்டு சொல்லும் அவளுக்குப் பழக்கமில்லை. படித்த பிள்ளை சொல்கிறதே என்று பெயரில்லாமலே கொடுத்துவிட்டுப் போனாள்.

பாத்திரங்களெல்லாம் பள்ளிக்கூடத்துக் கூடத்தில் மூட்டையாயின. மூட்டையின் மேல் ஊர்ப்பெயரை எந்த மொழியில் எழுதுவது என்ற இடத்தில் வண்டி நின்றது. ஊர் ஆந்திராவிலா, மெட்ராஸிலா என்று எல்லைத் தகராறு நடக்கிற காலம். தமிழ்க் கமிட்டிக்கு வேதாச்சலம் தலைவர், தெலுங்குக் கமிட்டிக்கு ரங்கையா. தெலுங்கில் எழுதினால் ஊர் போச்சு என்றார் அவர். தமிழில் எழுதினால் ஊரே போச்சு என்றார் இவர். பன்னிரண்டு நாள் அஞ்சார் காத்திருந்தது. பதின்மூன்றாம் நாள் மெட்ராஸ் நிவாரண ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது: பாத்திரங்கள் போதுமான அளவு சேர்ந்துவிட்டன, இனி அனுப்ப வேண்டாம், நன்றி. கடிதம் இங்கிலீஷில் இருந்ததால் இரண்டு கமிட்டியும் மறுப்பில்லாமல் ஏற்றுக்கொண்டன.

மூட்டைகளைப் பிரித்தார்கள். அவரவர் பெயரைப் பார்த்து அவரவர் எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் பெயரில்லாத குடம் ஒன்று மிஞ்சியது.

"அது என்னுதுங்க சாமி," என்றாள் வாசற்படிக்கு வெளியே நின்ற செல்லியம்மா. "வாயோரம் ஒரு நசுங்கல் இருக்கும், பாருங்கோ."

"நசுங்காத குடம் எந்த ஊட்ல இருக்குது? பேரு எங்க?" என்றார் வேதாச்சலம்.

"பேரு லேது கதா!" என்றார் ரங்கையா. இரண்டு கமிட்டியும் ஒரே பேச்சாய்ப் பேசியது அன்றைக்குத்தான்.

முனிகிருஷ்ணனுக்குக் காது சுட்டது. "அவங்களுதுதாங்க. பேர் வேணாம்னு நான்தான் சொன்னேன்."

"பேர் வேணாம்னு குடுத்துட்டாங்க இல்ல? அதுக்குப் பேரு தியாகம் தம்பி. நீயே சொன்னதுதானே?" என்றார் வேதாச்சலம்.

குடம் இரண்டு கமிட்டிக்கும் பொதுவானது. கூட்டங்களில் தண்ணீர் வைக்க ஒன்று வேண்டியிருந்தது. அன்று சாயங்காலமே அதில் நாகையா 'பூகம்ப நிவாரணம்' என்று இரு மொழியிலும் வெட்டிவிட்டார்.

முனிகிருஷ்ணன் மூட்டையிலிருந்து திரும்பிய தன் வீட்டுக் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகாமல் சேரிக்குப் போனான். அம்மாவைப் பொறுத்தவரை அது அஞ்சாருக்குப் போனதாகவே இருக்கட்டும்.

செல்லியம்மா குடத்தைச் சுற்றிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. விரலால் தடவினாள்.

"பேரு இருக்குதே நைனா."

"எங்கம்மா பேரு. தாட்சாயணி."

"அப்போ வேணாம். இதைத் தூக்கிக்கினு நான் தெருவுல போனா, எங்க திருடினேன்னு கேப்பாங்கோ. ஒரு குடந்தான் போச்சு. மானமும் போவணுமா?"

"அழிச்சுடச் சொல்றேன்."

"அழிச்ச ஏனம்னா, கேக்காமலே அடிப்பாங்கோ."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. மண்பானையை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குக் கிளம்பிவிட்டாள்.

மறுநாள் மத்தியான வெயிலில் நாகையாவின் கடைத்தெருவில் ஈ காக்கை இல்லை. முனிகிருஷ்ணன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே நுழைந்து குடத்தை வைத்தான்.

"அம்மா பேருக்குக் கீழ 'செல்லியம்மாவுக்கு'ன்னு வெட்டு நாகையா. அதுக்குக் கீழ..." தொண்டையைச் செருமிக்கொண்டான். "உபயம், முனிகிருஷ்ணன்."

நாகையா சிரிக்கவில்லை. உளியை எடுத்தார். "எந்த பாஷைல?"

"ரெண்டுலயும். போலீஸ்காரருக்குத் தெலுங்கு, மணியக்காரருக்குத் தமிழ்."

"மத்ததெல்லாம் இருக்கட்டும். உன் பேரு எந்த அளவுக்கு? பொடியாவா?"

முனிகிருஷ்ணன் இன்னொரு தரம் தெருவைப் பார்த்தான்.

"பெருசா வெட்டு," என்றான். "தூரத்துலேருந்தே தெரியணும்."