நைனாவின் மூத்த பிள்ளை

தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில் ராஜப்பா வீட்டு டிவிக்கு மூத்த பிள்ளை என்று பெயர். வைத்தவள் அவர் மகள் பாக்யலட்சுமி. சும்மா வைக்கவில்லை, ஒன்பது வயதில், வயிறெரிந்து வைத்தாள்.

சுரங்கம் ஓடிய காலம் அது. பூமிக்கு அடியில் அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்தால் மேலே வீடுகள் குலுங்கும். ஏர்பிளாஸ்ட் என்பார்கள். அண்டா உருளும், ஓடு சரியும். மற்ற வீட்டு அப்பன்மார் பிள்ளைகளை வாரிக்கொண்டு வாசலுக்கு ஓடுவார்கள். ராஜப்பா மட்டும் டிவியிடம் ஓடுவார். இரண்டு கையாலும் அதைக் கட்டிப்பிடித்து, கண்ணாடியில் மார்பை ஒட்டிக்கொண்டு நிற்பார். எதிரே தரையில் உட்கார்ந்திருக்கும் பாக்யாவும் தம்பி மனோகரும் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இதைச் சொல்லிச் சொல்லியே அவள் ஊரைச் சிரிக்க வைத்தாள். தன் கல்யாணப் பந்தியில்கூடச் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள், ராஜப்பாவும் சிரித்தார். அவளுக்கு மட்டும் அது முள்ளாகக் குத்தும். நாற்பது வயது தாண்டியும், தினம் ரயிலேறி பெங்களூர் போய் வேலை பார்த்தும், அந்த முள் போகவில்லை. ஒருநாள் கேட்டுவிட வேண்டும் என்று நினைப்பாள், கேட்க மாட்டாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மூத்த பிள்ளை போகிற நாள். மனோகர் புது டிவி அனுப்பியிருந்தான். அதைச் சுவரில் மாட்டவும் பழையதை எடுத்துப்போகவும் பங்காருபேட்டை மெக்கானிக் ஸ்ரீநிவாஸ் வந்திருந்தான். கடைசியாக ஒருமுறை பார்க்கலாம் என்று பாக்யா பழையதைப் போட்டாள். அது எப்போதும்போல் முதலில் உம்மென்று முனகி, யோசித்து, பிறகுதான் மெல்ல வெளுத்தது. கையைத் திரைக்கு அருகே கொண்டுபோனாள். முழங்கையில் மயிர் சிலிர்த்தது. சின்ன வயதில் இதற்காகவே மனோகரோடு சண்டை போட்டிருக்கிறாள்.

"இதுக்குள்ள பின்னாடி ஒரு கன் இருக்குதுக்கா," என்றான் ஸ்ரீநிவாஸ். "அது எலக்ட்ரானை சுட்டுக்கினே இருக்கும். காந்தம் அதை வளைச்சி வளைச்சி கோடு கோடா படம் வரையும். ஒரு நிமிஷத்துல மூவாயிரம் தபா மேலேர்ந்து கீழ வரைக்கும். நம்ம கண்ணுதான் ஏமாந்துபூடுது."

"புதுசுல?"

"அதுல சுடுறதே கெடையாது. பின்னாடி லைட்டு, முன்னாடி லட்சக்கணக்கா சின்னச் சின்ன கதவு. தொறந்து மூடும், அவ்ளோதான். காலண்டர் மாதிரி மாட்டிட்டு போயிடலாம்."

சொல்லிவிட்டு ட்ரில் மெஷினைச் சுவரில் வைத்தான். நூறு வருஷத்துச் சுரங்கக் கம்பெனி வீடு. ஒரு ஓட்டைக்கே அடித்தளம்வரை அதிர்ந்தது. மேஜைமேல் டிவி கடகடவென்று ஆடியது.

எழுபத்தெட்டு வயது ராஜப்பா நாற்காலியை விட்டு எழுந்த வேகத்தைப் பார்க்க வேண்டும். ஓடிப்போய்க் கண்ணாடியில் மார்பை ஒட்டிக் கட்டிக்கொண்டார். ஸ்ரீநிவாஸ் பயந்துபோய் மெஷினை நிறுத்தினான்.

பாக்யாவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "இன்னா நைனா, போற நாள்லகூட அதத்தான் கட்டிப் புடிக்கிற? எங்களை ஒரு தபா புடிச்சியா நீ?"

ராஜப்பா திரும்பிப் பார்த்தார். உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. "நீங்க ரெண்டு பேரும் இதும் முன்னாடிதான ஒக்காந்துக்கினு இருப்பீங்க?"

"அதுக்கு?"

"கண்ணாடிக்குள்ள காத்தே கெடையாதும்மா. கீழ வுழுந்தா வெடிச்சி ரூம் பூரா சில்லு பறக்கும்னு வாங்கும்போதே கடைக்காரன் சொன்னான். வெடிச்சா இன்னா ஆவும்னு அவனுக்கு இன்னா தெரியும்? கீழ சுரங்க லெவல்ல பாறை வெடிச்சி மூஞ்சி போனவன நான் தூக்கியாந்திருக்கேன். உங்கள வாரிக்கினு ஓடறதுக்குள்ள இது வுழுந்துட்டா? அதான் குறுக்க நின்னேன்."

"ஆமாக்கா, உள்ள காத்தில்லாத வேக்கம்தான்," என்றான் ஸ்ரீநிவாஸ் மெல்ல. "நாங்களே பாத்துத்தான் தூக்குவோம்."

முப்பது வருஷக் கேலி பாக்யாவின் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது. "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே," என்றாள்.

"சொன்னா பயந்துக்கினு நீங்க டிவியே பாக்க மாட்டீங்களே. ஆசையா கேட்டுத்தான வாங்கனேன்."

ஸ்ரீநிவாஸ் தயங்கினான். "இன்னும் மூணு ஓட்டை இருக்குது. டிவிய எறக்கி வெச்சிட்டு போடட்டுமா?"

"இல்ல, போடு," என்றாள் பாக்யா. அப்பாவைத் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். அவர் எழப் பார்த்தார், விடவில்லை. பிறகு அவர் நின்ற இடத்தில் போய் நின்று, இரண்டு கையையும் அகல விரித்து டிவியைக் கட்டிக்கொண்டாள். கண்ணாடி வெதுவெதுப்பாக இருந்தது.

மெஷின் கத்தியது, வீடு அதிர்ந்தது. ராஜப்பா உட்கார்ந்தபடியே மகளின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.