இரண்டு பேட்டரி

அப்பாவின் வலது கையை மட்டும் பெரியவளால் விரிக்க முடியவில்லை. முகத்தைத் துடைத்து, தாடையைத் துணியால் கட்டி, இடது கையை மார்பின்மேல் வைத்தாயிற்று. வலது கை மூடியே இருந்தது. வெந்நீரில் நனைத்த துணியால் ஒற்றி ஒற்றி ஒவ்வொரு விரலாக விலக்கினாள். உள்ளே சிவப்புப் பொத்தான் இருந்தது.

அப்பா முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் பழுது பார்த்தவர். நடுவழியில் நின்றுபோன லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் அமுக்குகிற பொத்தான் அது. படுக்கையில் விழுந்ததும், பழைய பொத்தான் ஒன்றுக்கு நீளமாக ஒயர் கொடுத்து, மணியைக் கூடத்தில் சின்னவனின் அறைக்கதவுக்கு மேலே மாட்டச் சொல்லியிருந்தார். அமுக்கினால் தெருவே எழுந்து உட்காரும்.

காலையில் அம்மா மருந்துக் கடைக்குப் போயிருந்த நேரத்தில்தான் நடந்தது. "தூக்கத்துலயே போயிட்டாருக்கா" என்று சின்னவன் போனில் சொன்னான். தூங்குகிற மனுஷர் பொத்தானை எதற்கு இப்படிப் பிடித்திருக்க வேண்டும்? பெரியவள் அதை அமுக்கிப் பார்த்தாள். சத்தமே இல்லை.

அம்மா வாசலில் அக்கம்பக்கத்தாரோடு உட்கார்ந்திருந்தாள். கூடத்தில் யாருமில்லை. பெரியவள் முக்காலியைப் போட்டு ஏறி மணிப்பெட்டியின் மூடியைக் கழற்றினாள். பேட்டரி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஸ்பிரிங் மட்டும் துருத்திக்கொண்டிருந்தன. மூடியை மாட்டிவிட்டு இறங்கி, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

சின்னவன் கம்ப்யூட்டர் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தான். சாம்பார் காய்ந்த தட்டும் அதில் அணைத்த சிகரெட்டும் நான்கு நாள் பழசு போலிருந்தன. பெரியவள் பல் ஆஸ்பத்திரியில் எச்சிலும் ரத்தமும் பட்ட கருவிகளைப் பதினாறு வருஷமாகக் கழுவுகிறவள். லேசில் குமட்டாது. இந்த அறை குமட்டியது.

"அப்பா போனப்ப நீ என்ன பண்ணிட்டிருந்த?"

"ஆடிட்டிருந்தேன்."

"அந்தப் போக்கர் சீட்டாட்டமா?"

"ஆமா. கடைசிச் சீட்டு விழுந்துடுச்சுக்கா. எங்கிட்ட அஞ்சும் ஹார்ட்டீன். எதிராளி பந்தயம் கட்டிட்டான். உயர்த்துறதா, இல்ல அவன் கட்டினதுக்குச் சரியா கட்டிட்டுச் சீட்டைப் பாக்குறதா, அதான் யோசனை." குரலில் மெல்ல உயிர் வந்தது. "கடைசிச் சீட்டுல சும்மா உயர்த்தக் கூடாது. நம்மளவிட மட்டமான சீட்டை வச்சிக்கிட்டும் அவன் கூட வருவான்னா உயர்த்தணும். உசந்த சீட்டு வச்சிருக்கிறவன் மட்டும்தான் கூட வருவான்னா, உயர்த்துறது நம்ம கையால நம்ம கண்ணையே குத்திக்கிற மாதிரி. யோசிக்க முப்பது செகண்ட்தான் கம்ப்யூட்டர் தரும். பத்தலை. கூடுதல் நேரம் இருந்துச்சு, எல்லாத்தையும் எடுத்தேன். அப்புறம்தான் உயர்த்தினேன்."

"அவன் வந்தானா?"

"வந்தான். மட்டமான சீட்டோட." சிரிப்பு வந்து, பாதியில் நின்றது. "அப்பாகிட்ட சொல்லலாம்னுதான் உள்ள ஓடினேன்."

பெரியவள் அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறைந்துவிடலாம், அந்தக் கன்னத்தைத் தொட வேண்டியிருக்குமே என்று அருவருப்பாக இருந்தது.

"மணி என்னாச்சு?"

"அது பத்து நாளா ரிப்பேர். அம்மாகிட்டகூட சொல்லிட்டேனே."

மேசைமேல் ஒயர் இல்லாத மௌஸ் கிடந்தது. அவள் எடுத்துத் திருப்பி மூடியைத் தள்ளினாள். இரண்டு பேட்டரி. இரண்டின் மேலும் கறுப்பு மையில் தேதி. எதை மாட்டினாலும் மாட்டிய தேதியை எழுதிவைப்பது அப்பாவின் தொழில் பழக்கம். ஏழின் நடுவில் ஒரு கோடு போடுவார். இதிலும் போட்டிருந்தார்.

சின்னவன் எழுந்து கதவைச் சாத்தினான்.

"பெரிய ஆட்டம்கா அன்னைக்கு. நடுவுல மௌஸ் நின்னுடுச்சு. கடைக்கு ஓட நேரமில்ல. மறுநாள் வாங்கிப் போடலாம்னு நெனச்சேன். சத்தியமா நெனச்சேன்."

"கத்தியிருப்பாரு."

"ஹெட்ஃபோன் போட்டிருந்தேன்." குரல் இறங்கியது. "அம்மாகிட்ட சொல்லிடாதக்கா. அவங்களுக்கு இப்ப நான்தான் இருக்கேன்."

அதுதான் அவளையும் பிடித்து நிறுத்தியது. போனவர் போய்விட்டார். சொன்னால் யாருக்கு என்ன மிச்சம்? அம்மாவுக்கு ஒரே நாளில் புருஷனும் போய்ப் பிள்ளையும் போவான். பேட்டரிகளை முந்தானையில் முடிந்துகொண்டு பெரியவள் வெளியே வந்தாள். ஆதாயமில்லாமல் உயர்த்தக் கூடாது என்று இவன் சொல்லிக்கொடுத்த கணக்கை வைத்தே இவனைக் காப்பாற்றுகிறோம் என்று தோன்றியபோது தன்மேலும் அருவருப்பு வந்தது.

வண்டி நான்கு மணிக்கு வருவதாக இருந்தது. அம்மா வாசலிலிருந்து எழுந்து, மூட்டுவலியோடு சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து கட்டிலின் அருகே உட்கார்ந்தாள். மாடிவீட்டுக்காரர் பின்னாலேயே வந்தார்.

"ஒங்க சின்னவன் மாதிரி யாரும்மா பாப்பாங்க இந்தக் காலத்துல? வீட்ட விட்டு நகரவே இல்லியே."

"அவன் இருந்ததாலதான் நான் கடைக்குக்கூட போக முடிஞ்சுது" என்றாள் அம்மா. பெரியவளைப் பார்த்தாள். "நீ ஒங்க வீட்டுக்குக் கூப்பிடாதடி. நான் இங்கயே இருந்துக்கறேன். இந்தக் கட்டில்லயே படுத்துக்கறேன். ராத்திரி பகல் எப்பன்னாலும் ஒரு குரல் குடுத்தா அடுத்த ரூம்ல அவன் இருக்கான். எனக்கு அது போதும்."

பெரியவள் கூடத்துக்குப் போய் மறுபடியும் முக்காலியில் ஏறினாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, பேட்டரி இரண்டையும் பெட்டியில் போட்டு மூடினாள். திரும்பி வந்து, அப்பாவின் கைக்குப் பக்கத்தில் கிடந்த பொத்தானை எடுத்து அமுக்கினாள்.

வீடு அதிர்ந்தது. வாசலில் பேச்சு நின்றது. மாடிவீட்டுக்காரர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். சின்னவன் தடதடவென்று ஓடி வந்து நிலைப்படியில் நின்றான். ஹெட்ஃபோன் கழுத்தில் தொங்கியது.

அம்மா பொத்தானைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"ரிப்பேர்னு சொன்னியேடா."

அவன் அக்காவைப் பார்த்தான். பெரியவள் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை.