இருபது நிமிடத் தாமதம்

என் மனைவிக்கு முதல் கல்யாணத்தில் ஒரு மகள், வயது பதினாறு. நான் அந்த வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. அவள் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "சாப்பிட வரணுமாம்", "போன் அடிக்குது" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். சுவருக்குப் பசிக்காது என்பதால் நான் புரிந்துகொண்டு எழுந்து போவேன்.

செவ்வாய்க்கிழமை மாலை டியூஷனுக்குப் போனவள் வீடு திரும்பவில்லை. ஊரே அவளைத் தேடியது. என் மனைவியின் அண்ணன் மட்டும் என் பின்னாலேயே அலைந்தார். என் லிப்ட் ரிப்பேர் பையை இரண்டு முறை திறந்து பார்த்தார். உள்ளே ஸ்பேனரும் கிரீஸ் டப்பாவும்தான் இருந்தன.

"இந்த வீட்டுக்குப் புதுசா வந்தது யாரு? அதை விசாரிங்க சார்" என்றார் போலீஸ்காரரிடம்.

"ஃப்ரிட்ஜும் புதுசுதான்" என்றேன். போலீஸ்காரர் என் பெயரை மட்டும் எழுதிக்கொண்டார்.

புதன்கிழமை காலை பதினொன்று பத்துக்கு என் போன் அடித்தது. தெரியாத எண்.

"அப்பா, நான்தான். ஃப்ரெண்டு வீட்டுல இருக்கேன். நாளைக்கு வந்துடறேன். யாரும் தேட வேணாம்பா."

அவ்வளவுதான், கட்டாகிவிட்டது. கேட்டதை அப்படியே சொன்னேன்.

"அப்பான்னா சொன்னா?" என்றாள் மனைவி. விடிய விடிய அழுதவள் இப்போது சிரித்துக்கொண்டே அழுதாள். மச்சான் என் தோளைத் தட்டி, "மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க மாப்ள" என்றார். டீ வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவ்வளவு ருசியான டீயை நான் குடித்ததே இல்லை. மனைவி கேட்கக் கேட்க, மகள் பேசியதை மகள் குரலிலேயே பேசிக் காட்டினேன். மூன்றாவது தடவை பேசிக் காட்டும்போது நாக்கு பாதியில் நின்றது.

அந்தப் பெண் தலைகீழாக நின்றாலும் என்னை அப்பா என்று கூப்பிட மாட்டாள்.

அப்புறம்தான் போனில் பின்னால் கேட்ட சத்தமும் உறைத்தது. "கதவை மூ... கதவை மூ..." எனக்குத் தெரிந்த குரல். மீன் சந்தைக்குப் பின்னால், நான் ரிப்பேர் பார்க்கும் ஐந்து மாடிக் கட்டடத்தின் லிப்ட் அது. கதவைச் சரியாகச் சாத்தாவிட்டால் இப்படித்தான் திக்கும். மாற்றச் சொல்லி மூன்று முறை எழுதிக் கொடுத்திருக்கிறேன். நல்லவேளை, யாரும் மாற்றவில்லை. லிப்டை ஒட்டி வீடு இருப்பது ஐந்தாம் மாடியில் மட்டும்தான்.

பையை மாட்டிக்கொண்டு, மச்சானை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பறந்தேன். அவர் பின்னால் இருந்தபடி போலீஸுக்குப் பேசினார்.

"அப்பான்னு கூப்பிட்டது நல்லதுதானே மாப்ள?"

"இல்ல மச்சான்."

நாங்கள் நான்காம் மாடிக்கு ஏறியபோது லிப்ட் எங்களைத் தாண்டிக் கீழே இறங்கியது. கம்பிக் கதவு வழியாகப் பார்த்தேன். உள்ளே ஒருவன், தோளில் அவளுடைய டியூஷன் பை. என் சாவியால் நான்காம் மாடி லிப்ட் கதவைத் திறந்தேன். எந்த மாடியில் கதவு திறந்தாலும் லிப்ட் நின்றுவிடும். மூன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே நின்றது. அவன் அவசர மணிப் பட்டனை அழுத்து அழுத்தென்று அழுத்தும் சத்தம் மட்டும் கேட்டது, மணி அடிக்கவில்லை. அதைப் பற்றியும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஐந்தாம் மாடியில் "விளம்பரப் படத்துக்குப் புதுமுகம் தேவை" என்று ஒரு பலகை. கதவில் வெளிப்பூட்டு. மச்சான் என் ஸ்பேனரை வாங்கி நாலே அடியில் பூட்டை உடைத்தார்.

அறையில் கேமரா ஸ்டாண்டு மட்டும் இருந்தது, கேமரா இல்லை. மூலையில் உட்கார்ந்திருந்தாள். உதடு வீங்கியிருந்தது.

"வீட்டுக்குப் பேசுன்னு அவன் மிரட்டினான். அம்மாவுக்குப் போட்டா நம்பிடுவாங்க" என்றாள். "உங்களுக்குன்னா கேட்ட உடனே புரிஞ்சிடும்னுதான் உங்களுக்குப் போட்டேன். வந்துடுவீங்க, வந்துடுவீங்கன்னு பார்த்துட்டே இருந்தேன். ஏன் இவ்ளோ லேட்டு?"

"டிராஃபிக்கும்மா" என்றார் மச்சான்.

"டிராஃபிக் இல்ல" என்றேன். "சந்தோஷமா உக்காந்துட்டேன். இருபது நிமிஷம்."

கையைப் பிடித்து எழுப்பினேன், எழுந்தாள். அந்த உதடு வீங்கியது இருபது நிமிடத்துக்கு முன்பா, பின்பா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.