மீதி நிறம்

ஆறு ஆண்டுகளாகப் பேசாதிருந்த தங்கை, உதட்டுக்கு ஊசியால் நிறமேற்றும் அந்த நிலையத்தின் படியேறி அன்று காலை முதல் ஆளாக வந்து நின்றாள். நிலையத்தை நடத்துபவள் அவளுடைய சொந்த அக்காள்.

"நீங்கதான் இந்த வேலையில கெட்டின்னு நாலு பேர் சொன்னாங்க. அதான் வந்தேன், வேற ஒண்ணுமில்லை. கருப்பு போகணும். ஒரே தடவையில முடிச்சிடுங்க."

'நீங்க' என்ற சொல் அக்காளுக்குச் சுருக்கென்று தைத்தது.

"கருத்த உதட்டுக்கு ரெண்டு தடவை வேணும். இன்னைக்கு ஆரஞ்சு போட்டுக் கருமையைத் தணிக்கணும். ஆறு வாரம் கழிச்சுத்தான் ரோஜா. அவசரப்பட்டு அழுத்தினா சாம்பல் பூத்துடும்."

"ஆறு வாரம் கழிச்செல்லாம் என்னால வர முடியாது."

அக்காள் உதட்டை மரத்துப்போகச் செய்யும் களிம்பைத் தடவினாள். "ஊசி போடும்போது பேசக் கூடாது. வலிச்சா ஒரு விரலைத் தூக்கு. நிறுத்தணும்னா ரெண்டு விரல்."

"உங்ககூடப் பேசாம இருக்கிறது எனக்குப் பழக்கம்தானே!"

சுடச்சுடக் கிடைத்தது. கிடைக்க வேண்டியதுதான். தங்கையின் திருமணப் பேச்சு நடந்த அன்று, மாப்பிள்ளை வீட்டார் நடுவே, "எங்க நாவப்பழத்துக்கு உதட்டுச்சாயம் வாங்கியே நீங்க ஓட்டாண்டி ஆயிடுவீங்க" என்று வேடிக்கை செய்தவள் அக்காள். கூடம் முழுதும் சிரித்தது. தங்கையின் பேச்சு அன்றோடு நின்றது.

இயந்திரம் முரலத் தொடங்கியது. இடக்கை விரல்களால் உதட்டை இழுத்துப் பிடித்துக் குனிந்த அக்காளின் கை, கீழுதட்டின் பாதியிலேயே தயங்கியது. அதே கருமை, மேலுதட்டின் நடுவே அதே பள்ளம். மறைந்துபோன அம்மாவின் வாய். தன் கண்ணாடியில் எத்தனை நாள் தேடியும் அவளுக்குக் கிடைக்காத வாய்.

"அம்மா வாய் உனக்குத்தான் வந்துச்சு. எனக்கு வந்தது அப்பா வாய். அந்த வயித்தெரிச்சல்லதான் உன்னை நாவப்பழம்னு கூப்பிட ஆரம்பிச்சேன். தப்புடி. இப்போ அதை என் கையாலயே அழிக்கச் சொல்றே."

இரண்டு விரல்கள் உயர்ந்தன.

அக்காள் ஊசியை உதட்டிலிருந்து விலக்கினாள். தங்கை எழுந்து போகத்தான் போகிறாள் என்று எண்ணினாள்.

"கண்ணைத் துடை," என்று தங்கை மரத்த வாயால் குழறினாள். "அழுதுக்கிட்டே போட்டா கோடு கோணிடும்."

அக்காள் கையுறைகளைக் கழற்றிக் கண்களைத் துடைத்தாள். கை கழுவிப் புதியவற்றை மாட்டிக்கொண்டு திரும்பினாள். அதற்குள் தங்கை கைக்கண்ணாடியை எடுத்து, நிறம் ஏறிய பாதியையும் ஏறாத பாதியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லேசாவே போடு. அம்மா தெரியணும்."

"மிச்ச நிறம்?"

"ஆறு வாரம்னா என்னைக்கு வரும்? எழுதி வை, அக்கா."

அக்காள் சுவர் நாட்காட்டியில் ஆறு வாரத்தைக் கண்ணாலேயே எண்ணி, நாளைச் சொன்னாள். பிறகு ஊசியை எடுத்தாள்.