பூட்டி வைத்த வாசம்

ஏசியிலிருந்து கசிந்த தண்ணீர் சுவருக்குள் இறங்கி, மிர்த்தாவின் மயாமி வீட்டில் அலமாரி வரை பூஞ்சை பிடித்துவிட்டது.

"இத எப்பம்மா கடைசியா திறந்தீங்க?" என்று கேட்டான் மெக்கானிக் யோர்டானிஸ்.

"எம் புருசன் செத்து ரெண்டு வருசமாச்சு. அவரு வாசம் போயிடக் கூடாதுன்னு பூட்டி வச்சேன்."

"நல்லா வச்சீங்க! காத்தே படாம பூஞ்சைக்கு விருந்து."

"பேசாம திறப்பா."

வெள்ளைச் சட்டைகளில் கறுப்புப் புள்ளிகள். மிர்த்தா ஒன்றை எடுத்து முகத்தில் அழுத்தினாள். காலரிலும் அக்குளிலும் தேடினாள். அவருடைய சுருட்டு வாசம் இல்லை. ஈரச் சுவரின் நாற்றம்தான் இருந்தது.

"மோந்து பாக்காதீங்கம்மா, நெஞ்சுக்கு ஆகாது."

"இன்னும் ஆறு சட்ட இருக்குப்பா," என்று அடுத்ததை எடுத்தாள் மிர்த்தா.