பேஸ் மாடல் போணி

ஒரு பொருள் நல்லது என்று ஜவஹர் நம்புவதற்குப் பெரிய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. மூன்று விதம் இருந்தால், அதில் விலை கூடியதாக அது இருந்தால் போதும். கடைவாய்ப் பல்லுக்கு உறை போடப் போனவரிடம் டாக்டர் மூன்று விதம் காட்டினார். இருப்பதிலேயே பெரிய விலையைப் போட்டுக்கொண்டு வந்தார். யார் கண்ணிலும் படாத பல் அது. அதற்காகவே ஒரு மாதம் வாயை அகலத் திறந்து சிரித்துக்கொண்டு திரிந்தார்.

இப்படிப்பட்ட மனிதரோடு கார் வாங்கப் போவது அவர் மனைவி பங்கஜத்துக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஏனென்றால் இந்த வண்டி அவளுக்கு. தி.நகரில் ஜவஹருக்கு ஜவுளிக்கடை. வேளச்சேரியில் புதிதாகத் திறந்த கிளையை மனைவிதான் பார்த்துக்கொள்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவார். ஆனால் டிரைவர் பாலு முதலில் அவரை தி.நகரில் இறக்கிவிட்டு, அவர் சொன்ன நாலு வேலையை முடித்து, மறுபடி அடையாறு வீட்டுக்கு வந்து அவளை ஏற்றிக்கொண்டு வேளச்சேரி போய்ச் சேரும்போது மதியச் சாப்பாட்டு வேளை ஆகியிருக்கும். கடை திறப்பது மேனேஜர், சரக்கு எடுப்பது மேனேஜர், ஆள் வைப்பதும் மேனேஜர். முதலாளியம்மா வந்தால் ஃபேனைத் திருப்பி வைத்து ஒரு சாத்துக்குடி ஜூஸ் வாங்கிக் கொடுப்பார்கள். அந்த ஜூஸைக் குடித்துக் குடித்து வெறுத்துப்போய்த்தான், ஐம்பதை நெருங்குகிற வயதில் கார் ஓட்டக் கற்று லைசென்ஸும் எடுத்தாள். "அடுத்த வண்டி உனக்குத்தான், நீயே ஓட்டிட்டுப் போ" என்று ஜவஹரும் வாக்குக் கொடுத்திருந்தார்.

எந்த வண்டி என்பதையும் அவளே பார்த்து வைத்திருந்தாள். பிளக்-இன் ஹைப்ரிட். ராத்திரி வீட்டுப் பிளக்கில் சொருகி வைத்தால், வேளச்சேரி போய்வர பேட்டரியே தாங்கும். கல்யாணம், கோயில் கொடை என்று சொந்த ஊர் திருநெல்வேலிக்குப் போவதானால் பெட்ரோல் எஞ்சினும் உண்டு. அதில் விலை ஏறுவரிசையில் ஸ்மார்ட், பிரஸ்டீஜ், இம்பீரியல் என்று மூன்று ரகம். மூன்றுக்கும் ஒரே எஞ்சின், ஒரே பேட்டரி. மாறுவதெல்லாம் மேல்மினுக்குதான். "பேஸ் மாடல் போதுங்க" என்று ஷோரூமுக்குப் போகும் வழியிலேயே சொன்னாள். "பாப்போம்" என்றார் ஜவஹர். அவர் "பாப்போம்" என்றால் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டார் என்று அர்த்தம்.

நல்ல நேரம் பார்த்துக் கிளம்பியதில், ஆழ்வார்பேட்டை ஷோரூமில் அப்போதுதான் கதவைத் திறந்திருந்தார்கள். அஸ்வின் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த பையன் வரவேற்றான். ஸ்மார்ட் நின்ற பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே இம்பீரியலிடம் கூட்டிப்போனான்.

பங்கஜத்துக்குச் சிரிப்பு வந்தது. விலை கூடிய பட்டுப்புடவையை முதலில் விரி, அதைத் தொட்ட கைக்கு மற்றதெல்லாம் சாக்குத் துணியாகத் தெரியும் என்று தன் கடைப் பையன்களுக்குப் பாடம் எடுக்கிறவரே ஜவஹர்தான். அதே வித்தையை நேற்று மீசை முளைத்த பையன் அவரிடமே காட்டுகிறான், இவர் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார். திருநெல்வேலிக்கே அல்வா!

"சார், இது ஓனர் சீட்" என்று பின்கதவைத் திறந்தான் அஸ்வின். ஜவஹர் உட்கார்ந்ததும் பட்டனை அழுத்தினான். சீட் சாய்ந்தது, காலுக்கு மெத்தை நீண்டது, முதுகில் ஏதோ பிசைய ஆரம்பித்தது. ஜவஹர் சொக்கிப்போய்க் கண்ணை மூடிக்கொண்டார். முடிவெட்டும் கடையில்கூட இதைத்தான் செய்கிறார்கள், அங்கே பவுடரும் போட்டு விடுவார்கள் என்று நினைத்துக்கொண்டாள் பங்கஜம்.

"மேடம், உங்களுக்கு லைட் வச்ச மேக்கப் கண்ணாடி இருக்கு."

"கண்ணாடி கெடக்கட்டும் தம்பி. மூணுக்கும் பேட்டரி ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான் மேடம். ஆனா அந்த ஃபீல்..."

"இம்பீரியல்தான்" என்றார் ஜவஹர், கண்ணைத் திறக்காமலே. "ஆனா ஒண்ணு, பங்கஜம். இவ்ளோ வெல குடுத்து வாங்குறத நீ எங்கயாச்சும் உரசிட்டா மனசு ஆறாது. இத பாலு ஓட்டட்டும். நீ ராணி மாதிரி பின்னால சாஞ்சுக்கிட்டுப் போ."

"அப்ப ஸ்மார்ட்ட வாங்குனா நான் ஓட்டலாமா?"

"அதுன்னா ஓட்டிக்கோ. யாரு வேண்டாங்கா? ஆனா அத எவன் வாங்குவான்?"

கூட வந்திருந்த பாலுவும் சேர்ந்துகொண்டான். "ஆமாம்மா, நீங்க இன்னாத்துக்கு கஷ்டப்படணும்? நான் கீறேன்ல, இட்டுக்கினு போறேன்."

பங்கஜத்துக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. கொடுத்த வாக்கை ஒரு மெத்தைக்கு விற்றுவிட்டாரே! முதுகைப் பிசைகிற சீட்டில் சாய்ந்தபடி அதே மதிய வேளைக்குப் போய் அதே ஜூஸைக் குடிக்க வேண்டும். இதற்குப் பெயர் ராணியாம்.

"சார், இன்னைக்கு நீங்கதான் போணி" என்றான் அஸ்வின் குழைந்துகொண்டு. "டோக்கன் அமௌண்ட் மட்டும் போட்டுடுங்க."

போணி என்றதும் ஜவஹர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு கடையில் முதல் ஆளாக ஏறிவிட்டு வெறுங்கையோடு இறங்கினால், அந்தக் கடைக்காரனின் வயிற்றெரிச்சல் நேராகத் தன் கல்லாவில் வந்து விழும் என்பது அவர் நம்பிக்கை. அதில் மட்டும் விளையாட்டே கிடையாது. அப்படி முதல் ஆளாக ஏறிய கடைகளின் புண்ணியத்தில் வீட்டில் மூன்று இட்லிப் பானையும் யார் காலுக்கும் பொருந்தாத ஒரு ஜோடி ஷூவும் கிடந்தன.

பணம் பங்கஜத்தின் கணக்கிலிருந்துதான் போக வேண்டும். வண்டி மனைவி பேரில் இருந்தால்தான் வரிக்கு நல்லது என்று ஆடிட்டர் ராமானுஜம் சொல்லியிருந்தார். வீடும் அவள் பேரில்தான், வேளச்சேரிக் கடையும் அவள் பேரில்தான். பேருக்கு மட்டும் அவளுக்குக் குறைச்சலே இல்லை. அஸ்வின் விவரங்களைத் தட்டினான். அவள் போனில் ஓடிபி வந்து விழுந்தது.

"நம்பரச் சொல்லு" என்றார் ஜவஹர்.

"எந்த மாடல் போட்டிருக்கீங்க தம்பி?"

"இம்பீரியல், மேடம்."

"ஸ்மார்ட்டுன்னு மாத்துங்க. சொல்றேன்."

"வெளையாடாத, பங்கஜம்."

"வெளையாடல. ஸ்மார்ட்டுன்னா சொல்றேன். இல்லன்னா எந்திரிங்க, வீட்டுக்குப் போலாம்."

ஜவஹர் கோபமாக எழுந்தார். வாசல் வரை போனார். வாசற்படியில் கால் வைக்க முடியவில்லை.

"என்ன நின்னுட்டீங்க? எறங்குங்க" என்றாள் பங்கஜம். "போணி பண்ணாம எறங்குங்க. உங்க கல்லாவுக்கு என்ன வருதுன்னு நானும் பாக்கேன்."

ஏசி ஓடிக்கொண்டிருந்த ஷோரூமில் ஜவஹர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். ஊரையே ஏய்க்கிற மனிதர், ஒரு மூடநம்பிக்கைக்கு முன்னால் இப்படி வெலவெலத்து நிற்பதைப் பார்க்க அவளுக்குக் கொஞ்சமும் பாவமாக இல்லை.

"சார்" என்றான் அஸ்வின் மெல்ல. வந்தவரை லாபம் என்று அவனும் கணக்குப் போட்டுவிட்டான். "பேஸ் மாடலும் போணிதான் சார்."

ஜவஹர் தலையை ஆட்டினார். அதற்குள் முதல் ஓடிபி காலாவதியாகிவிட்டது. புதிதாக ஒன்று வந்தது. பங்கஜம் ஒவ்வொரு எண்ணாக, நிறுத்தி, சத்தமாகச் சொன்னாள்.

வண்டி வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, அவள் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டாள். பின்கதவு திறந்தது. ஜவஹர் ஏறி, சாயாத சீட்டில் சாய்ந்து பார்த்துவிட்டு, பேப்பரை விரித்தார்.

"மொதல்ல என்னய தி.நகர்ல எறக்கிரு. அப்படியே பேங்குக்கும் போயிட்டு, நீ வேளச்சேரி போ."

பங்கஜம் வண்டியை எடுக்கவில்லை.

"எறங்குங்க."

"என்னது?"

"உங்களுக்குப் பாலு இருக்கான், பழைய வண்டி இருக்கு. எனக்குக் கடை தெறக்கணும்."

ஜவஹர் எதிர்வீட்டு பால்கனியைப் பார்த்தார். அங்கே ஆட்கள் நின்றார்கள். பேப்பரை மடித்துக்கொண்டு இறங்கினார்.

வேளச்சேரிக் கடையின் ஷட்டரை அன்று அவளே தன் சாவியால் திறந்தாள். விளக்கைப் போட்டு, சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றிவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்தாள். வெகுநேரம் கழித்து, டீயைக் குடித்துக்கொண்டே வந்த மேனேஜர் வாசலில் திகைத்து நின்றார்.

"என்னம்மா, இவ்ளோ சீக்கிரம் வந்துட்டீங்க?"

"நான் சீக்கிரம் இல்ல. நீங்க லேட்டு" என்றாள் பங்கஜம்.